பிள்ளை முதலில் நம்மிடம் சொல்லட்டும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கைப்பேசி வழியாக நம் பிள்ளைகளுக்கு வரும் தொல்லைகளையும் மிரட்டல்களையும் பற்றி இந்த மாதம் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். பெண்கள் இருக்கும் சபையில் இதையெல்லாம் பேசலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் பாதிக்கப்படுகிறவர்கள் அவர்கள்தான் என்பதால் அவர்கள் இருக்கும் சபையிலேயே பேசுவது என்று தீர்மானித்தோம். சிறு பிள்ளைகளை மட்டும் மதரஸா வகுப்பறைக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.

உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வந்த ஒரு குடும்பத்தின் விஷயத்தை முதலில் சொல்கிறோம். அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறோம். யாருடைய வீடு என்று யூகிக்கும் வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். ஒரு நிக்காஹ்வில் குடும்பமாக நின்று எடுத்த படத்தை உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அதை ஒருவன் எடுத்து, இந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் வெட்டி, ஆபாசமான வேறொரு உடம்போடு ஒட்டினான். இதற்கு இப்போது பெரிய தொழில்நுட்ப அறிவெல்லாம் தேவையில்லை. சில நிமிடத்தில் செய்து கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. பிறகு இன்ஸ்டாகிராமில் பெயர் தெரியாத கணக்கிலிருந்து அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பினான். அடுத்த வரி, "உங்க அத்தா நம்பர் என்கிட்ட இருக்கு."

இரண்டு மாதம் அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் கொடுத்த பணத்திலிருந்து அவனுக்குக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அவன் அதிகம் கேட்டான். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. வீட்டில் கண்ணேறு என்று நினைத்து ஓதிப் பார்த்தார்கள். ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா நடந்தது?" என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவள் சொன்னது சாச்சியிடம். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, "சொன்னா அத்தா காலேஜை நிறுத்திடுவாங்க, போனை வாங்கிடுவாங்க, வந்த மாப்பிள்ளைக்குக் கட்டி வச்சிடுவாங்க" என்றாள்.

அவன் கையில் இருந்தது ஒரு போலிப் படம், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவள் பயந்தாளே, அந்தப் பயம்தான் அவனுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது. இப்படி மிரட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் இறங்குகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளையாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். நாம் கல்லூரியை நிறுத்தினாலோ அவசரமாகக் கல்யாணம் பேசினாலோ, அவன் பறித்ததைவிட அதிகமாக நாமே அவளிடம் பறித்து விடுகிறோம். அடுத்த வீட்டுப் பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தனக்கு ஒன்று வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துகொள்கிறாள்.

நம் மாநிலத்திலேயே நடந்த இரண்டு சம்பவங்களை நினைவுபடுத்துகிறோம். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை இப்படித்தான் ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். காவல்துறையில் புகார் கொடுத்தும் நாட்கள் போயின. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்றும், பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்றும் வேதனையோடு எழுதி வைத்திருந்தார். அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல நாம் யார்? அதிர்ச்சியில் எந்தத் தாயும் தகப்பனும் முதலில் கேட்கும் கேள்வி, "நீ என்ன செய்தாய்?" என்பதுதான். அந்தக் கேள்வி பிள்ளையின் நெஞ்சில் எப்படி இறங்குகிறது என்பதை அந்தக் கடிதம் காட்டியது.

பொள்ளாச்சி விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெண்களிடம் நட்பாகப் பழகி, தனியிடத்துக்கு அழைத்துப் போய், கொடுமை செய்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டி வந்த ஒரு கூட்டம். பல பெண்கள் வெளியே சொல்ல முடியாமல் இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் வீட்டில் சொன்னார். அண்ணன் தங்கை பக்கம் நின்றார். புகார் கொடுத்தார்கள். அதற்காக அந்த அண்ணன் தாக்கப்பட்டார், அப்படியும் பின்வாங்கவில்லை. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் சொன்னது. சாட்சிகளில் ஒருவர் கூடப் பிறழவில்லை. ஆறு வருடம் ஆனது என்பது உண்மை. ஆனால் ஒரு பெண் வீட்டில் வாய் திறந்ததும், வீடு அவளை நம்பியதும்தான் அதன் தொடக்கம்.

பெரியவர்களே, இது நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடமா? உம்முல் முஃமினீன் ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறைச் சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் கழுத்துமாலையைத் தேடப் போனார்கள். படை கிளம்பிவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். இவ்வளவுதான் நடந்தது. மதீனாவில் நயவஞ்சகர்கள் கதை கட்டினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் ஊரெல்லாம் அந்தப் பேச்சு. நோயில் கிடந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அவர்கள் அழுத அழுகையை ஹதீஸ் நூல்களில் படிக்கும்போது இன்றும் நமக்குக் கண் கலங்குகிறது.

அந்த நேரத்தில் இரண்டு வீடுகள் எப்படி நடந்துகொண்டன என்று பாருங்கள். அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களும் அவர்களுடைய மனைவியும் அந்தப் பேச்சைத் தங்கள் வீட்டுக்குள் நுழையவே விடவில்லை. நாமே இப்படிச் செய்ய மாட்டோம், நம்மைவிடச் சிறந்தவர்கள் செய்வார்களா என்று கேட்டு அங்கேயே முடித்துவிட்டார்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் சக மனைவி. போட்டி மனப்பான்மைக்கு இடம் இருந்த உறவு. நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, தான் காணாததையும் கேட்காததையும் சொல்ல மாட்டேன் என்று மறுத்து, ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றி நல்லதையே சொன்னார்கள். பிறகு சூரா அந்நூரின் 11-ஆம் வசனம் தொடங்கி இறங்கியவற்றில், இதைக் கேட்டபோதே முஃமின்கள் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கடிந்து கேட்கிறான். கேட்டதை நாவுக்கு நாவு கடத்தி, அதை அற்பமாக எண்ணியவர்களையும் கண்டிக்கிறான். அன்று நாவால் கடத்தினார்கள். இன்று கட்டைவிரலால் கடத்துகிறோம்.

அதனால்தான் "நம் பெண்கள் போட்டோ எடுப்பதை விட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் சகோதரர்களோடு நாம் ஒத்துப்போக முடியவில்லை. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி 1 அன்றும் கிட்ஹப் என்ற தளத்தில் இரண்டு செயலிகளை ஏற்றினார்கள். நாடெங்கும் உள்ள முஸ்லிம் பெண்களின் படங்களைப் பொதுவெளியிலிருந்து திருடி, ஏலம் விடுவதுபோல் காட்டினார்கள். பத்திரிகையாளர், விமானி என்று படித்து வேலை பார்க்கும் பெண்கள் அதில் இருந்தார்கள். காணாமல் போன மகனைத் தேடி ஆண்டுக்கணக்கில் போராடி வந்த வயதான தாயின் படமும் இருந்தது. தலையில் முக்காடு போட்ட அந்தத் தாயின் உடை அவரைக் காப்பாற்றவில்லை. சமுதாயத்தைக் குறிவைத்துச் செய்த இழிசெயல் அது. அந்தப் பெண்களில் சிலர் முகத்தை மறைத்துக்கொள்ளாமல் புகார் கொடுத்தார்கள். பெங்களூரு, உத்தராகண்ட், அசாம், இந்தூர் என்று பல இடங்களில் கைது நடந்தது. கைதானவர்களில் பெரும்பாலோர் இருபதையொட்டிய வயதுடையவர்கள், மாணவர்களும் இருந்தார்கள்.

இதைக் கேட்டு நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். அதே கோபத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள். 2023 மார்ச் மாதக் கடைசியில் வேலூர் கோட்டைக்கு ஓர் ஆண் நண்பரோடு வந்த நம் சமுதாயப் பெண்ணைச் சில இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு, ஹிஜாபைக் கழற்றச் சொல்லி, வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். காவல்துறை ஏழு பேரைப் பிடித்தது. அதில் நம் பெயர் தாங்கிய பையன்களும் இருந்தார்கள். மார்க்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறர் குறையைத் துருவித் தேடாதீர்கள் என்று சூரா அல்ஹுஜுராத்தில் வந்திருப்பது இவர்கள் காதில் விழவில்லை. முதலில் சொன்னோமே, அந்தக் கல்லூரிப் பெண்ணை மிரட்டியவன், அவனும் வெளியூர்க்காரன் இல்லை. அதே நிக்காஹ்வில் பந்தி பரிமாறிய பையன்.

ஆகவே மகன்களைப் பெற்றவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பையன் படிக்கிறான் என்று நாம் நம்புகிறோம். நண்பர்கள் குழுவில் ஒரு பெண்ணின் வீடியோ வந்தால் அவன் என்ன செய்கிறான்? விளையாட்டாக ஃபார்வர்டு செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் அவன் மீது பாயும். அதில் இருப்பது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 67பி-யும் போக்சோவும் சேரும். அனுப்பாமல் சேமித்து வைத்திருந்தாலே போக்சோவில் குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நான் அனுப்பவில்லை, குரூப்பில் வந்தது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பையன்கள் நினைக்க வேண்டாம். வந்ததை உடனே அழித்து, அந்தக் குழுவை விட்டு வெளியேறி, வீட்டில் சொல்ல வேண்டும்.

பையன்களும் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாத பெண் பெயரில் நட்பு வரும், வீடியோ அழைப்பு வரும், எதிரே ஆபாசக் காட்சி ஓடும், அதை இவன் பார்ப்பதைப் பதிவு செய்வார்கள். மறுநாள் காவல்துறை அதிகாரி என்று ஒருவன் பேசி, வழக்கை முடிக்கப் பணம் கேட்பான். கல்லூரிப் பையன்கள் மட்டும் இல்லை, குடும்பத்தைப் பிரிந்து வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்களும் இதில் விழுகிறார்கள். கடன் செயலிகள் இன்னொரு வகை. ஐயாயிரம் ரூபாய்க்காக நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் திறந்து கொடுத்துவிடுகிறோம். வட்டி ஹராம் என்பது ஒருபுறம் இருக்க, தவணை தவறினால் வீட்டுப் பெண்ணின் படத்தை ஒட்டு வேலை செய்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நம் பைத்துல்மாலில் கர்ளு ஹஸனா கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இனி, வந்துவிட்டால் என்ன செய்வது?

பிள்ளை சொன்னதும், "சொன்னது நல்லதாப் போச்சு, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லுங்கள். படம் உண்மையா பொய்யா என்ற விசாரணை அப்புறம். ஒருவேளை பிள்ளையே ஏமாந்து அனுப்பிய படமாக இருந்தாலும், அதை வைத்து மிரட்டுகிறவன்தான் குற்றவாளி. பிள்ளையின் தவறு ஏதாவது இருந்தால் அதைப் பேச வேறு நாள் இருக்கிறது.

பணம் கொடுக்காதீர்கள். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான். மானம் போய்விடும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போகிறோம். செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், அதன் முகவரி, தேதி, நேரம், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். அவனை நாமே பிடித்து நாலு போடு போடலாம் என்று அண்ணன் தம்பிகள் கிளம்ப வேண்டாம். வழக்கு நம் பக்கமே திரும்பிவிடும்.

புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் நடவடிக்கை எடுத்து ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் பெயரோடு கொடுக்கும் புகாரே பலன் தரும். நேரில் போவதென்றால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமோ அனைத்து மகளிர் காவல் நிலையமோ போகலாம். எங்கள் எல்லைக்குள் வராது என்று சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று அதில் இருக்கிறது. பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது, மறைவாகப் படமெடுப்பது போன்ற குற்றங்களில் பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. இதைத் தெரிந்துகொண்டு போனால் குரல் தடுமாறாது.

படத்தை நீக்கும் வேலையைக் காவல்துறை வரும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. அந்தரங்கப் படமோ ஒட்டு வேலை செய்த படமோ வெளியானால், பாதிக்கப்பட்டவர் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் நேரடியாகப் புகார் செய்யலாம். 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வைத்தன. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்று ஒரு தளம் இருக்கிறது, 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை. படம் நம் கைப்பேசியிலேயே இருக்கும், அதன் கைரேகை மாதிரி ஓர் எண்ணை மட்டும் எடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். அதே படத்தை யாராவது ஏற்றினால் அந்த எண்ணை வைத்து அடையாளம் கண்டு தடுப்பார்கள். இன்னும் வெளியிடாமல் மிரட்டிக்கொண்டு மட்டும் இருக்கும்போதே இதைச் செய்யலாம். நம் சகோதரிகளில் பலருக்கு இது தெரியவில்லை. தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளை மிகவும் சோர்ந்திருந்தால், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு வந்தால், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

அடுத்தது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இப்படியான விஷயங்களை ஜமாஅத்தில் வைத்துப் பேசி, பையனை மன்னிப்புக் கேட்க வைத்து, இரு வீட்டாரும் ஸலாம் சொல்லிக்கொண்டு கலையும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்ற நபிமொழியை அப்போது எடுத்துச் சொல்வார்கள். அந்த நபிமொழி நம் தலைக்கு மேல். ஆனால் மறைக்க வேண்டியது அந்தப் பெண்ணின் பெயரையும் மானத்தையும். அவளுக்கு அநியாயம் செய்தவனின் குற்றத்தை மறைத்தால் அவன் அடுத்த பெண்ணிடம் போவான். அநியாயம் செய்யும் சகோதரனின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் நமக்கு வேறு வழியே இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. முத்தவல்லி ஆனாலும் ஹஜ்ரத் ஆனாலும் அறக்கட்டளைச் செயலாளர் ஆனாலும் இதில் விலக்குக் கிடையாது. ஆகவே இத்தகைய விஷயத்தில் நம் அறக்கட்டளை சமரசம் பேசாது. நிர்வாகக் குழுவில் தீர்மானமாகவே எழுதிவிட்டோம்.

தற்காப்புக்குச் சில சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைக்கலாம். இரட்டைச் சரிபார்ப்பு என்ற வசதியைப் போட்டு வையுங்கள். வேறு கருவியில் நம் வாட்ஸ்அப் திறந்து கிடக்கிறதா என்று இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் அவ்வப்போது பாருங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். கல்யாண வீட்டுப் படத்தைப் போடும் சகோதரர்களே, அதில் நிற்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். பிள்ளையின் போனை வாரம் ஒருமுறை சோதனை போடலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். சிறு பிள்ளை என்றால் பாருங்கள். வளர்ந்த பிள்ளையிடம் தெரியாமல் எடுத்துப் பார்த்தால் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தாவும் அம்மாவும் தங்கள் போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசுவது இதைவிட நல்லது என்பது நம் எண்ணம்.

நமது ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். வரும் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு, பெண்கள் மதரஸா மாடியில் நம் ஆலிமாவும், சட்டம் படித்த சகோதரி ஒருவரும் இருப்பார்கள். பெண்கள் நேராக அங்கே போகலாம், பள்ளிவாசல் அலுவலகத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுத மாட்டார்கள். புகார் எழுதித் தருவார்கள், தளத்தில் பதிவு செய்து கொடுப்பார்கள், ஸ்டேஷனுக்குக் கூட வருவார்கள். பையன்கள் மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். வக்கீல் செலவுக்கு ஸதக்கா நிதியிலிருந்து கொடுக்கக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று மாடிப்படியில் நின்று பார்க்கும் ஆட்கள் இல்லாமல் பார்த்துக்கொள்வது வாலிபர் குழுவின் பொறுப்பு. அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி இருப்பவர்கள் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம். இஷாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.